பொம்மையோடு துப்பாக்கியைச் சேர்த்தால் போதுமா? என் மூன்று சக்கர சைக்கிள் ஏன் பொய்யாகத் தெரிகிறது?

களிமண்_கை | பதிவு 1 | சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் இரண்டாவது முறை. நான் சிற்பம் முறையாகப் படித்தவன் இல்லை. வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் களிமண், ரெசின், பழைய இரும்பு என்று எதையாவது வைத்துக் குடைந்துகொண்டிருப்பேன்.

நாலு மாதமாக ஒரு வேலை. குழந்தைகள் ஓட்டும் பழைய மூன்று சக்கர சைக்கிள், நல்ல கனமான இரும்பு. பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு டாங்கியில் இருப்பதுபோல் சங்கிலிப் பட்டை மாட்டினேன். கைப்பிடிக்கு நடுவில் பீரங்கிக் குழாய். இருக்கையில் ஒரு கண் இல்லாத பொம்மை. கடைசியாக, மேலிருந்து வழிகிற மாதிரி சிவப்புச் சாயம். தலைப்பு: 'விளையாட்டு முடிந்தது'. படம் இணைத்திருக்கிறேன்.

நண்பர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் "அருமை" என்றார்கள். ஐந்து விநாடி. அதற்குள் ஒருவர் செல்போனை எடுத்துவிட்டார். படம் எடுக்கத்தான் என்று நினைத்தேன். இல்லை, வேறு எதையோ பார்த்தார்.

அவர்மேல் கோபம் இல்லை. எனக்கே அப்படித்தான் இருக்கிறது. பார்த்த உடனே புரிந்துவிடுகிறது, புரிந்ததும் முடிந்துவிடுகிறது. எங்கே தப்பு? தயவுசெய்து முகத்துக்காகச் சொல்லாதீர்கள்.

சாம்பல்பூனை | பதிவு 2 | சனி, இரவு 10:05

முகத்துக்காகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லைன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

குழந்தைன்னா வெள்ளை. போர்ன்னா கறுப்பு. ரெண்டையும் பக்கத்துல வை, பார்க்கிறவன் "ஐயோ"ன்னு சொல்லுவான். இது சிற்பம் இல்ல பாஸ், சூத்திரம். டெடி கரடி கையில எறிகுண்டு, தொட்டில்ல தோட்டா, பொம்மை வீட்டு மேல ராணுவ விமானம். இணையத்துல தேடினா ஒரே ராத்திரியில நூறு பார்க்கலாம். எல்லாத்துக்கும் ஒரே அர்த்தம். ஒரே அர்த்தம் இருந்தா அது சாலையோர எச்சரிக்கைப் பலகை. அதையும் யாரும் ரெண்டாவது தடவை படிக்கிறதில்ல.

உங்க சைக்கிள்ல ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்லியிருக்கீங்க: பட்டை, குழாய், பொம்மை, சாயம். முதல் தடவையே கேட்டுருச்சு.

தேன்மொழி_வாசகி | பதிவு 3 | சனி, இரவு 10:48

பூனை, கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்லேன்.

களிமண்_கை, உங்கள் படத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு மூன்று சக்கர சைக்கிள் ஞாபகம் வந்தது. தெரிந்துதான் செய்தீர்களா என்று தெரியவில்லை. ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 6 காலையில் நாலு வயதுகூட நிரம்பாத ஒரு பையன் வீட்டு வாசலில் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் தூரம். அன்று இரவே இறந்துவிட்டான். இவ்வளவு சின்னப் பிள்ளையைத் தனியாகக் கல்லறையில் விட அப்பாவுக்கு மனசு வரவில்லை. வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்தார், கூடவே சைக்கிளையும். நாற்பது வருடம் கழித்து 1985இல் எலும்புகளை எடுத்துக் குடும்பக் கல்லறைக்கு மாற்றும்போது சைக்கிளும் வெளியே வந்தது. அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

அதில் துப்பாக்கி இல்லை. சிவப்பு இல்லை. துருவும் வளைந்த கம்பியும்தான். அந்தக் குண்டுக்கு வைத்திருந்த செல்லப்பெயர் 'சின்னப் பையன்' என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். எந்தச் சிற்பியாவது இப்படி ஒரு தலைப்பு வைத்திருந்தால் "ரொம்ப மிகை" என்று நாமே திட்டியிருப்போம்.

களிமண்_கை | பதிவு 4 | சனி, இரவு 11:15

சத்தியமாகத் தெரியாது அக்கா. இப்போதுதான் படம் தேடிப் பார்த்தேன். பேச்சு வரவில்லை.

கண்ணாடிச்சில் | பதிவு 5 | ஞாயிறு, காலை 7:20

பேச்சு வராமல் போகட்டும், ஆனால் இந்த ஒப்பீடு நியாயம் இல்லை. ஹிரோஷிமாவில் இருப்பது சாட்சிப் பொருள். அது உண்மையில் அங்கே இருந்தது, அதனால் அடிக்கிறது. சிற்பி செய்கிற சைக்கிள் எங்கேயும் இருந்ததில்லை. சாட்சியோடு கற்பனையைப் போட்டிக்கு விட்டால் ஒவ்வொரு முறையும் கற்பனைதான் தோற்கும். அப்புறம் சிற்பமே செய்ய வேண்டாம், பழைய சாமான்களை எடுத்து வைத்துவிட்டுப் போகலாம்.

குழந்தையையும் போரையும் 'சேர்க்காமல்' சேர்த்தவர்களைப் பார்க்க வேண்டும் என்பேன். மோனா ஹாட்டூம் என்ற கலைஞர். 1952இல் பெய்ரூட்டில் பாலஸ்தீனக் குடும்பத்தில் பிறந்தவர். 1975இல் லண்டனுக்குச் சும்மா போய்வரப் போனவர், லெபனான் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். 1993இல் அவர் செய்த 'இன்கம்யூனிகாடோ' என்ற வேலை: குழந்தைக் கட்டில் ஒன்று, மருத்துவமனையில் இருக்கும் வெற்று இரும்புக் கட்டில். மெத்தை இருக்க வேண்டிய இடத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகள், பாலாடைக்கட்டி அறுக்கிற கம்பி. அவ்வளவுதான். குழந்தை இல்லை. ரத்தம் இல்லை. போர் என்ற சொல்லே இல்லை. ஆனால் பார்க்கிறவர் மனசு அந்தக் கட்டிலில் ஒரு குழந்தையைப் படுக்க வைத்துவிடும். அந்தக் கெட்ட காரியத்தைச் செய்வது நாம், அவர் இல்லை.

களிமண்_கை, நீங்கள் பொம்மையை இருக்கையில் உட்காரவைத்துவிட்டீர்கள். நான் உட்காரவைக்க இடமே இல்லை.

சாம்பல்பூனை | பதிவு 6 | ஞாயிறு, காலை 7:31

கடைசி ரெண்டு வரிக்கு ஒரு சல்யூட்.

வார்ப்படம் | பதிவு 7 | ஞாயிறு, காலை 9:02

தம்பி, நான் முப்பது வருஷமா வார்ப்புப் பட்டறைக்காரன். தத்துவம் எனக்கு வராது, பொருளைப் பற்றிச் சொல்றேன்.

உங்களுக்குப் பச்சை பிளாஸ்டிக் பொம்மைச் சிப்பாய் தெரிஞ்சிருக்கும். பை பையா வரும். அமெரிக்காவில் பெர்கன் என்ற கம்பெனி 1938இல் முதலில் போட்டது. அதுக்கு முன்னாடி ஈயச் சிப்பாய். உள்ளே கூடாக வார்க்கிற முறையை 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. ஈயம் மிச்சம், விலையும் குறைஞ்சது. இந்தச் சாமானை எடுத்து யோராம் வோல்பெர்கர் என்ற சிற்பி ஆள் உயரத்துக்குப் பெருக்கினார். கணினியில் ஸ்கேன் பண்ணி அப்படியே பெரிசாக்கறது. அதில் எனக்குப் பிடிச்சது, அவர் பிசிறை எடுக்கலை. அச்சின் ரெண்டு பாதி சேர்ற இடத்தில் பிளாஸ்டிக் மெல்லிசா பிதுங்கி நிக்கும் பாருங்க, சின்னப் பொம்மையில் நகத்தால் கிள்ளி எறிவோமே, அது. ஆள் அளவுக்கு வரும்போது அந்தப் பிசிறு சிப்பாயோட விலாவில் கத்தி மாதிரி நிக்குது. முகம் சப்பையா, மூக்கு கன்னத்தோட ஒட்டி. சின்னதில் நம்ம கண்ணு அதைத் திருத்தி முகமா பார்த்துக்குச்சு. பெரிசில் திருத்த முடியலை. அச்சில் போட்டு எடுத்த ஆள்னு தெரிஞ்சுபோகுது.

அவர் எதையும் ஒட்டலை. அளவை மட்டும் மாத்தினார். உங்க சைக்கிளில் எல்லாமே ஒட்டின சாமான். வெல்டிங் சுத்தமா இருக்கு, அது வேற விஷயம்.

ஒற்றைச்செருப்பு | பதிவு 8 | ஞாயிறு, காலை 11:26

பொம்மைச் சிப்பாய் என்றதும் ஒன்று. 'டோரதி' என்று பிரிட்டிஷ் வடிவமைப்புக் குழு ஒன்று அதே பச்சைப் பிளாஸ்டிக், அதே அளவு, அதே தட்டை அடிப்பாகம் வைத்துச் சிப்பாய்கள் செய்தது. ஆனால் போரிலிருந்து வீட்டுக்கு வந்த சிப்பாய்கள். ஒருவன் சக்கர நாற்காலியில். ஒருவன் பிச்சை எடுக்கிறான். ஒருவன் துப்பாக்கியைத் தன் பக்கமே திருப்பியிருக்கிறான். ஈராக்கிலிருந்து திரும்பிய ஒரு படைப்பிரிவைப் பற்றி அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் பத்திரிகையில் 2009இல் வந்த தொடர் கட்டுரைதான் அதற்கு மூலம். பொம்மைப் பெட்டியில் எப்போதும் சுடுகிறவன், ஓடுகிறவன், ரேடியோ பேசுகிறவன் இருப்பான். திரும்பி வந்தவன் இருக்க மாட்டான். அந்த விடுபட்ட அச்சுகளைச் செய்தார்கள்.

கையில் எடுத்தால் விரல் அளவுதான் இருக்கும். பெரிசாக்குவது மட்டுமே வழி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சாம்பல்பூனை | பதிவு 9 | ஞாயிறு, பகல் 12:10

அப்போ வம்புக்கு வருவோம். லிபெராவோட லெகோ.

தெரியாதவங்களுக்கு: போலந்துக் கலைஞர் ஸ்பிக்னியெவ் லிபெரா 1996இல் லெகோ கட்டைகளை வெச்சு நாஜி வதைமுகாம் செட் செஞ்சார். ஏழு பெட்டி. கடையில விக்கிற மாதிரியே அச்சடிச்ச அட்டை, படம் எல்லாம். போலீஸ் நிலையம், மருத்துவமனைன்னு ஏற்கெனவே இருந்த செட்டுகள்ல இருந்த கட்டைகள்தான் பெரும்பாலும். கைதிகள் கடற்கொள்ளையர் செட்ல வர்ற எலும்புக்கூடுகள். கட்டையைக் கம்பெனியே கொடுத்திருந்துச்சு, எதுக்குன்னு தெரியாம. அதனால பெட்டி மேலயே "லெகோ ஆதரவுடன்"னு போட்டுட்டார். கம்பெனி கொதிச்சுப்போச்சு. 1997இல் வெனிஸ் பியனாலேங்கற பெரிய கலைக் கண்காட்சியில போலந்து அரங்கத்தோட அமைப்பாளர் அதை மட்டும் வைக்காதேன்னார், மனுஷன் மொத்தமா விலகிட்டார். 2002இல் நியூயார்க்கின் யூத அருங்காட்சியகத்துல வெச்சப்போ வெளியே எதிர்ப்பு. இப்போ வார்சாவின் நவீனக் கலை அருங்காட்சியகத்துல ஒரு பிரதி இருக்கு.

எனக்கு இது பிடிக்கும், ஏன்னா இதுல கண்ணீர் இல்ல. குழந்தைமேல பரிதாபமும் இல்ல. கட்டு, பிரி, வரிசையா அடுக்குன்னு சொல்லிக்கொடுக்கிற ஒரு பொருள் இருக்கு. அதே ஒழுங்கு, அதே அடுக்கு, அதே கையேடு, முகாமையும் கட்டும். குற்றவாளி பொம்மையில்ல, ஒழுங்குங்கறதே. திட்டுங்க.

தேன்மொழி_வாசகி | பதிவு 10 | ஞாயிறு, பகல் 1:35

திட்டவில்லை. ஆனால் அந்த முகாமிலிருந்து தப்பி வந்த ஒருவர் அந்தப் பெட்டியைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கிறார் என்று வைத்துக்கொள். அவரிடம் போய் "குற்றவாளி ஒழுங்குதான்" என்று விளக்குவாயா? எதிர்த்தவர்களில் அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் கலை புரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வராது.

பிரிட்டிஷ் கலைஞர்களான சாப்மன் சகோதரர்களின் 'நரகம்' பற்றியும் எனக்கு இதே தயக்கம். ஒன்பது கண்ணாடிப் பெட்டி, ஸ்வஸ்திகா வடிவில். உள்ளே விரல் அளவு பொம்மைகள் ஆயிரக்கணக்கில், நாஜிச் சீருடையில், ஒன்றையொன்று கிழித்துக்கொண்டு. 2000இல் காட்டினார்கள். 2004 மே மாதம் லண்டனில் ஒரு கிடங்கு தீப்பிடித்து அதில் எரிந்துபோனது. பிறகு இன்னும் பெரிதாக மறுபடி செய்து 2008இல் வைத்தார்கள். இரண்டு வருட உழைப்பு தீயில் போய், அதை மறுபடி செய்வது என்றால் பிடிவாதம்தான். ஆனால் அத்தனை சின்ன உருவங்களைக் கிட்டே குனிந்து பார்க்கும்போது என்ன நடக்கிறது? "எவ்வளவு நுணுக்கம்!" என்று வியக்கிறோம். ரயில் செட் பார்க்கிற வியப்பு. அந்த வியப்பு அவர்கள் வேண்டுமென்றே வைத்த பொறி என்றும் சொல்லலாம். எனக்கு அந்தப் பொறியில் மாட்டிக்கொண்டிருக்கப் பிடிக்கவில்லை.

மிதவை | பதிவு 11 | ஞாயிறு, மாலை 4:50

சிற்பத்தை விடுங்கள், நிஜத்திலேயே செய்தார்களே! ஆப்கானிஸ்தானில் சோவியத் ராணுவம் குழந்தைகள் எடுக்கட்டும் என்று பொம்மை வடிவத்தில் வெடி போட்டது. பட்டாம்பூச்சி மாதிரி. அதை அப்படியே பெரிதாக்கி வைத்தால் போதும், களிமண்_கை.

கண்ணாடிச்சில் | பதிவு 12 | ஞாயிறு, மாலை 5:22

பாதி சரி. பி.எஃப்.எம்-1 என்ற அந்தக் கண்ணிவெடி உண்டு, குழந்தைகள் பொம்மை என்று எடுத்துக் கை போனதும் உண்மை. ஆனால் பொம்மையாகத் தெரியவேண்டும் என்று அந்த வடிவம் கொடுக்கப்படவில்லை. ஒரு பக்கம் இறக்கை மாதிரி இருப்பதால் விமானத்திலிருந்து கொட்டினால் சுழன்று மெதுவாக இறங்கும், தரையில் விழுந்ததும் வெடிக்காது. அதற்காக. அமெரிக்கா அதற்கு முன்பே செய்த 'டிராகன் டூத்' வெடியின் நகல் அது. மொத்த எடை சுமார் 75 கிராம்.

எனக்கு இந்த உண்மைதான் கட்டுக்கதையைவிடப் பயமாக இருக்கிறது. கட்டுக்கதையில் ஒரு கெட்டவன் இருக்கிறான், உட்கார்ந்து குழந்தையை நினைத்துத் திட்டம் போடுகிறான். நிஜத்தில் குழந்தையை யாரும் நினைக்கவே இல்லை. காற்றைத்தான் நினைத்தார்கள்.

2001இல் அதே ஆப்கானிஸ்தானில் இன்னொன்று. அமெரிக்க விமானங்கள் போட்ட உணவுப் பொட்டலமும் மஞ்சள், கொத்துக்குண்டுகளில் வெடிக்காமல் கிடந்த சிறு குண்டுகளும் மஞ்சள். வித்தியாசம் பார்த்து எடுங்கள் என்று வானொலியில் எச்சரித்தார்கள். அப்புறம் பொட்டலத்தின் நிறத்தை மாற்றுவதாக அறிவித்தார்கள். கவனியுங்கள், குண்டின் நிறத்தை இல்லை.

வெறுங்கால் | பதிவு 13 | ஞாயிறு, இரவு 8:14

இரண்டு நாளா வாசிச்சுக்கொண்டிருக்கிறேன். எழுதுறதா வேண்டாமா எண்டு யோசிச்சுத்தான் எழுதுறேன்.

நான் சின்ன வயசில போருக்குள்ள இருந்தவள். எங்க, எந்த வருசம் எண்டு தயவுசெய்து கேக்காதேங்கோ. நீங்கள் எல்லாரும் குழந்தைப் பருவம் ஒரு பக்கம், போர் மற்றப் பக்கம் எண்டு வச்சுத்தான் கதைக்கிறீங்கள். பூனை அதைச் சூத்திரம் எண்டு சொன்னது சரி. ஆனா சூத்திரம் ஏன் பிழை எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. எங்களுக்கு ரெண்டு பக்கம் இருக்கேல்ல. ஒண்டுதான் இருந்தது.

நாங்கள் வெற்றுத் தோட்டாக் கோது பொறுக்குவம். நிறையச் சேத்தவன்தான் பெரியாள். நீட்டுக் கோது ஒண்டுக்குக் கட்டைக் கோது மூண்டு மாத்தலாம். கீழுதட்டில வாயை வச்சு ஊதினா விசில் வரும். எனக்கு நல்லா வரும், அண்ணாவுக்கு வராது, அதில எனக்குப் பெரிய புழுகம். நாங்கள் ஷெல் விழுற விளையாட்டு விளையாடினம், செத்தவன் மாதிரிக் கிடக்கிறதுக்கு ஆளாளுக்குச் சண்டை பிடிச்சம். சந்தோசமா இருந்தனாங்கள். அதைச் சொன்னா ஆக்களுக்கு ஒரு மாதிரி இருக்கும், நாங்கள் அழுதுகொண்டே இருந்திருக்கவேணும் எண்டு எதிர்பார்க்கினம்.

தம்பி, உங்கட ஒற்றைக்கண் பொம்மையைப் பார்த்தா எனக்கு ஒண்டும் நினைவு வரேல்ல. அது போரைத் தொலைக்காட்சியில பார்த்த ஆக்களின்ர பொம்மை. மன்னிக்கவேணும், நீங்கள்தான் முகத்துக்காகச் சொல்லவேண்டாம் எண்டனீங்கள்.

சாம்பல்பூனை | பதிவு 14 | ஞாயிறு, இரவு 8:40

...

(நான் இப்படி மூணு புள்ளி போட்டு யாரும் பார்த்திருக்க மாட்டீங்க.)

களிமண்_கை | பதிவு 15 | ஞாயிறு, இரவு 9:55

அக்கா, மன்னிப்பு எதற்கு. பொம்மையை இன்று இரவே கழற்றிவிட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் நீங்கள் சொன்னதுதான்: பத்திரிகைப் புகைப்படம். இடிபாடு, நடுவில் ஒரு பொம்மை. எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அதையே திருப்பிச் செய்திருக்கிறேன்.

அந்த விசிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? முடிந்தால் மட்டும்.

வெறுங்கால் | பதிவு 16 | ஞாயிறு, இரவு 10:20

சொல்ல ஒண்டும் இல்லை. கோது சின்னனெண்டா கீச்செண்டு வரும், பெரிசெண்டா கொஞ்சம் தடிச்ச குரல். வெடிமருந்து மணம் வாயில ஒட்டும். அம்மா கண்டா அடிப்பா. அவ்வளவுதான்.

நெறியாளர் | பதிவு 17 | திங்கள், காலை 6:30

இடையில் ஒரு வார்த்தை. இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது பழைய தோட்டா, ஷெல், கண்டெடுத்த எதையும் பட்டறைக்குக் கொண்டுவராதீர்கள். எத்தனை வருடம் மண்ணில் கிடந்திருந்தாலும் 'செத்துப்போனது' என்று கண்ணால் பார்த்து முடிவுசெய்ய முடியாது. அறுப்பது, துளைப்பது, சூடாக்குவது எதுவும் கூடாது. தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் பொம்மையை நேராக அச்சுக்குள் வைத்து எரிப்பது பற்றி எனக்குத் தனிமடலில் கேட்டவருக்கும் இங்கேயே பதில்: பி.வி.சி. பொம்மையை எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரலைப் புண்ணாக்கும். சிலிகான் அச்சு எடுத்து, அதில் மெழுகு ஊற்றி, மெழுகை வையுங்கள். வார்ப்படம் ஐயா ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

வார்ப்படம் | பதிவு 18 | திங்கள், காலை 7:05

ஒப்புக்கிட்டேன். ஐயா எல்லாம் வேண்டாம்.

ஆயுதத்தையே வெச்சு செஞ்சவங்க எப்படிச் செஞ்சாங்கன்னும் சொல்லிடறேன். மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் 1992இல் முடிஞ்சது. 1995இல் அங்கே கிறிஸ்தவ சபைகள் சேர்ந்து, பிஷப் செங்குலானே முன்னால் நின்னு, துப்பாக்கியைக் கொடு, தையல் மெஷின், சைக்கிள், மண்வெட்டி வாங்கிக்கோன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. வந்த ஆயுதத்தையெல்லாம் முதல்ல செயலிழக்க வெச்சு, வெட்டி, அப்புறம்தான் சிற்பிங்க கைக்குப் போச்சு. அதில் கெஸ்டர்ங்கிறவர் 2001இல் செஞ்ச 'ஆயுத சிம்மாசனம்' பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கு. நாற்காலிதான், வேற ஒண்ணுமில்லை. ஆனா முதுகு சாயற இடத்தில் ரெண்டு துப்பாக்கிக் கட்டை நிக்குது, திருகாணி ஓட்டையும் வார் மாட்டற பிளவும் சேர்ந்து சிரிக்கிற மூஞ்சி மாதிரித் தெரியும். சிற்பி செதுக்கினது இல்லை. ஃபேக்டரியிலேயே அப்படி. அவர் அதைப் பார்த்தார், வெளியே தெரியற மாதிரி வெச்சார். அவ்வளவுதான் வேலை.

துப்பாக்கியைக் கொடுத்தவன் சைக்கிள் வாங்கிட்டுப் போனான்னு நினைச்சாலே எனக்கு நெஞ்சு நிறையும். சரி, விடுங்க.

ஒற்றைச்செருப்பு | பதிவு 19 | திங்கள், பகல் 1:17

கொஞ்சம் விலகிப் போகிறேன். செக் நாட்டில் லிடிட்சே என்ற ஊரை 1942இல் நாஜிகள் தரைமட்டமாக்கினார்கள். அங்கிருந்து கொண்டுபோய்க் கொன்ற 82 குழந்தைகளுக்கு மாரி உசிதிலோவா என்ற சிற்பி 1969இல் சிலை செய்ய ஆரம்பித்தார். 42 பெண், 40 ஆண். 1989இல் அவர் இறந்தபோது வெண்கல வார்ப்பு முடியவில்லை. கணவர் தொடர்ந்து 2000இல் கடைசிச் சிலைவரை நிறுத்தினார்.

அந்தக் குழந்தைகள் சும்மா நிற்கிறார்கள், அவ்வளவே. ஆனால் பார்க்க வருகிறவர்கள் காலடியில் பொம்மைகளை வைத்துவிட்டுப் போகிறார்கள். மழையில் நனைந்த கரடிகள், சின்னக் கார்கள். பொம்மையைச் சிற்பி வைத்திருந்தால் இவர்கள் கொண்டுவந்திருப்பார்களா என்று யோசிக்கிறேன். கண்ணாடிச்சில் சொன்ன காலி இருக்கைதான் இதுவும்.

சாம்பல்பூனை | பதிவு 20 | திங்கள், பகல் 2:03

ஆனா ஒண்ணு. எல்லாரும் 'எடு, எடு, குறை, குறை'ன்னு ஒரே ராகத்துல போறோம். அதுவும் சூத்திரமாயிடும். வெள்ளை அறை, ஒரு காலி தொட்டில், பக்கத்துல சின்ன எழுத்துல நீளமா விளக்கம். அதையும் நூறு பார்த்தாச்சு. லிபெரா குறைக்கல, ஏழு பெட்டி. சாப்மன் குறைக்கல. நிறைய இருக்கிறது தப்பில்ல, ஒரே விஷயம் நிறைய இருக்கிறதுதான் தப்பு.

தேன்மொழி_வாசகி | பதிவு 21 | திங்கள், இரவு 8:30

இதை நான் ஒப்புக்கொள்கிறேன். தேதியைக் குறித்து வைத்துக்கொள், பூனை.

களிமண்_கை | பதிவு 22 | அடுத்த ஞாயிறு, இரவு 10:10

ஒரு வாரமாக வரவில்லை, பட்டறையில் இருந்தேன்.

என்ன செய்தேன் என்றால்: பட்டையைக் கழற்றினேன். குழாயை அறுத்தேன், அறுத்த இடத்தில் மொட்டை தெரியாமல் தேய்க்க ஒரு நாள் ஆயிற்று. சிவப்பைச் சுரண்டி எடுத்தேன். அடியில் பழைய நீலம் அப்படியே இருந்தது, ஏதோ ஒரு குழந்தை ஒட்டிய ஸ்டிக்கரின் பாதியும் இருந்தது. அதைத் தொடவில்லை. பின்சக்கரங்களைத் திரும்ப மாட்டினேன். இப்போது அது மறுபடியும் வெறும் சைக்கிள். நாலு மாத வேலை, கழித்துப் பார்த்தால் பூஜ்யம். சிரிப்புதான் வந்தது.

ஒன்று மட்டும் மாற்றினேன். கைப்பிடியில் மணி இல்லாமல் இருந்தது. மணி மூடியைப் பித்தளைத் தகட்டில் தட்டிச் செய்தேன், ஒரு பெரிய தோட்டாக் கோதின் அடிப்பாகம் மாதிரி. விளிம்பில் அந்தப் பள்ளம், நடுவில் வட்டம். நிஜக் கோது இல்லை, நெறியாளர் பயப்பட வேண்டாம். தோட்டா செய்கிற அதே கலவை, 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண மணி. கட்டைவிரல் வைக்கும் தூரத்துக்கு வந்தால்தான் தெரியும், அதற்குள் அடித்திருப்பார்கள்.

தலைப்பை எடுத்துவிட்டேன்.

வெறுங்கால் அக்கா, உங்கள் விசிலிலிருந்து எடுத்தது இது. உங்களைக் கேட்காமல் எடுத்தேன். வேண்டாம் என்றால் கழற்றிவிடுவேன், சும்மா சொல்லவில்லை.

கண்ணாடிச்சில் | பதிவு 23 | அடுத்த ஞாயிறு, இரவு 10:34

பார்க்கிறவர்களை அடிக்க விடுவீர்களா, "தொடாதீர்கள்" பலகை வைப்பீர்களா? தொடவிடாவிட்டால் இந்த வேலை இல்லவே இல்லை.

களிமண்_கை | பதிவு 24 | அடுத்த ஞாயிறு, இரவு 10:36

தொடத்தான் வேண்டும்.

சாம்பல்பூனை | பதிவு 25 | அடுத்த ஞாயிறு, இரவு 11:02

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. தோட்டாக் கோதையே பார்த்திராத ஒருத்தர் வந்து அடிச்சா? அவருக்கு அது மணி. அடிச்சிட்டுப் போயிடுவார். உங்க ஐந்து விநாடி இப்போ ரெண்டு விநாடி ஆயிருக்கலாம்.

சொல்லிட்டு நானே யோசிக்கிறேன், அவர் அப்படிப் போறதும் இதுக்குள்ள சேருமோன்னு. முடிவு தெரியல. போன படத்தைவிட இதை ரொம்ப நேரம் பார்த்துட்டிருந்தேன், அது மட்டும் நிஜம்.

வெறுங்கால் | பதிவு 26 | திங்கள், அதிகாலை 5:48

கழற்றவேண்டாம். பிடிச்சிருக்கா எண்டு மட்டும் கேக்காதேங்கோ.

படத்தில மினுக்கம் கூடிப்போச்சு. நாங்கள் பொறுக்கினது கறுத்துப்போய் இருக்கும், கை பட்ட இடம் மட்டும் மினுங்கும். நீங்கள் மினுக்காதேங்கோ. ஆக்கள் அடிக்க அடிக்கத் தானா வரும்.

சத்தம் எப்பிடி?

களிமண்_கை | பதிவு 27 | திங்கள், காலை 7:15

அதுதான் பிரச்சினை. மினுக்கத்தை இன்றே எடுத்துவிடுகிறேன். ஆனால் சத்தம் 'டிங்' என்று வரவில்லை, 'டொக்' என்கிறது. தகரத்தைத் தட்டுகிற மாதிரி. தகடு மெல்லிசாகப் போய்விட்டதோ? வார்ப்படம் அண்ணா, பார்த்தீர்களா?

வார்ப்படம் | பதிவு 28 | திங்கள், காலை 7:52

கடைசியா எப்போ சூடு காட்டினே?

களிமண்_கை | பதிவு 29 | திங்கள், காலை 7:58

வடிவம் முடிந்ததும் ஒரு முறை, விளிம்பு வெடிக்காமல் இருக்கட்டும் என்று. அப்புறம் அடியில் தாங்கு கம்பியைப் பற்றவைத்தபோது ஒரு முறை.

வார்ப்படம் | பதிவு 30 | திங்கள், காலை 8:20

அங்கேதான் போச்சு. பித்தளை தட்டத் தட்ட இறுகும், இறுகினால்தான் பாடும். சூடு காட்டினா இளகி ஊமையாயிடும். நிஜத் தோட்டாவிலேயே அப்படித்தான் செய்வாங்க: அடிப்பாகம் இறுக்கமா இருக்கும், வாய்ப்பக்கத்தை மட்டும் சூடு காட்டி இளக்குவாங்க, இல்லாட்டி நாளாவட்டத்தில் வெடிச்சிடும். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலம் பூரா தோட்டாவைக் குதிரை லாயத்தில் வெச்சு, குதிரை மூத்திரத்தில் கிளம்பின அம்மோனியா பட்டு எல்லாம் பிளந்துபோன கதை உண்டு. இதுக்கும் உன் சைக்கிளுக்கும் சம்பந்தமில்லை, சொல்லத் தோணுச்சு.

தாங்கு கம்பியை எடுத்துடு. மூடியை மறுபடி உருண்டைக் குண்டுமேல் கவிழ்த்து, சின்னச் சுத்தியல், நடுவிலிருந்து விளிம்புக்கு வட்டமா, ரெண்டு சுத்து. ஓங்கி வேண்டாம், அடி நெருக்கமா விழணும். நடு வட்டத்திலேயே ஓட்டை போட்டு மரை ஆணியில் மாட்டு, பற்றவைக்காதே. அடியில் தோல் வாஷர் போடாதே, சத்தத்தைக் குடிச்சிடும்.

களிமண்_கை | பதிவு 31 | செவ்வாய், இரவு 11:40

இரண்டு சுற்று முடிந்தது. ஆணி மாட்டியாயிற்று. இன்னும் அடித்துப் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டில் தூங்கிவிட்டார்கள். காலையில் பார்க்கிறேன்.